சுத்தத்துக்கு ஐந்து நட்சத்திரம்

துரைக்கண்ணுவின் ஜீப்பில் பிஸ்கட் தின்றுவிட்டு உறையை வெளியே எறிந்தால் வண்டி நின்றுவிடும். கொண்டை ஊசி வளைவாக இருந்தாலும் சரி, பின்னால் பஸ் வந்து ஹார்ன் அடித்தாலும் சரி, எறிந்தவர் இறங்கிப் போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்த பிறகுதான் கிளம்புவான். மலைமேல் இருக்கும் புதூர்நாட்டுக்கும் கீழே திருப்பத்தூருக்கும் ஷேர் ஜீப் ஓட்டுகிறவர்களில் இப்படி ஒரு கிறுக்கு அவன் ஒருவனுக்குத்தான். ‘தீவுக்காரன்’ என்று மலையில் அவனுக்குப் பெயர். வெளிநாடு போய் வந்த திமிர் என்பார்கள். அவனுக்கு நிஜமாகவே குமட்டிக்கொண்டு வரும். அது ஏன் என்று பல வருடம் யாரிடமும் சொன்னதில்லை, பெண்டாட்டி திரௌபதியிடம்கூட.

இருபத்திரண்டு வயதில் அவன் முதல்முறையாகக் கடலைப் பார்த்தான். படவேட்டிலிருந்து மலைக்குப் புளி வாங்க வரும் பாண்டுரங்கன்தான் வேலை சொன்னார். அவருடைய மைத்துனர் அந்தமானில் ஒரு சின்னத் தீவு விடுதியில் சமையல்காரர். சென்னையில் கப்பல் ஏறி மூன்று நாள் வாந்தி எடுத்துக்கொண்டே போய் இறங்கினான். தென்னந்தோப்புக்குள் எட்டுக் குடிசைகள். கண்ணாடி மாதிரி தண்ணீர். அதைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஜனங்கள் முதுகில் மூட்டையோடு வந்தார்கள். ஏஜென்ட் கிடையாது, வழிகாட்டி கிடையாது. கையில் போனை வைத்துக்கொண்டு, எந்தத் தீவு மலிவு, எந்தத் தீவில் கூட்டம் குறைவு என்று ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டுப் பார்த்துத் தாங்களே வழி தேடி வருகிறவர்கள்.

அறை சுத்தம் செய்வது துரைக்கண்ணுவின் வேலை. வருகிறவர்கள் தீவின் முகத்தைப் பார்த்தார்கள்; அவனுக்கு வாய்த்தது அதன் பின்பக்கம். ஈரக் காகிதம் அடைத்துப் பொங்கி நிற்கும் கக்கூஸ். மெத்தைக்கும் சுவருக்கும் நடுவே திணித்துவிட்டுப் போன குழந்தையின் மலத்துணி. குடித்துக் கக்கிய விரிப்புகள். எல்லாவற்றையும் அள்ளிச் சமையல்கட்டுக்குப் பின்னால் இருந்த குழியில் கொட்டி எரிப்பார்கள். பிளாஸ்டிக் உருகும் புகை தென்னை ஓலைகளில் படிந்து, மழை பெய்தால் கறுப்பாகச் சொட்டும். புகை தெரியாமல் இருக்க விருந்தாளிகள் கடலுக்குப் போகிற நேரமாகப் பார்த்து நெருப்பு வைக்கச் சொல்வார் முதலாளி. ஆறு வருடம் அந்தப் புகையைக் குடித்தான். ஊருக்கு வந்து திரௌபதியைக் கட்டிக்கொண்டான். ஒரு மகள் பிறந்தாள். பிறகு மாலத்தீவில் வேலை கிடைத்தது.

அங்கே அவன் இருந்தது பணக்காரர்கள் போகிற தனித் தீவு இல்லை. ஊர் ஜனங்கள் குடியிருக்கிற தீவு. ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடக்கக் கால்மணி நேரம். பதினான்கு அறைகள் கொண்ட விடுதி. குப்பை அள்ளும் படகு வந்தால் வரும், வராவிட்டால் இரண்டு வாரம் தலைகாட்டாது. குழி தோண்டவும் இடமில்லை; தோண்டினால் முழங்கால் ஆழத்தில் உப்புத் தண்ணீர். குப்பைச் சாக்குகள் விடுதியின் பின்சுவரோரம் அடுக்கியபடியே கிடந்து, நொதித்து, புழு வைத்து, நெளிந்தன.

ஒருநாள் விடியற்காலை முதலாளி அவனைச் சின்னப் படகில் ஏறச் சொன்னார். வாயைக் கட்டிய சாக்குகள், ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு கல். பவளப்பாறை வரப்பைத் தாண்டிக் கடல் கருநீலமாகிற இடத்தில் ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு, விருந்தாளிகள் எழுவதற்குள் திரும்பினார்கள். அன்று காலைச் சாப்பாட்டுக்கு வைத்த சூரை மீனை அவனால் தொட முடியவில்லை. அடுத்த வாரம் தொட்டான். மூன்று வருடம் அந்தப் படகில் போய்வந்தான்.

ஒரு தடவை சாக்கு ஒன்று கிழிந்து, உள்ளே இருந்ததெல்லாம் அலையோடு கரைக்கு வந்துவிட்டது. அவன் வாருகோலை எடுத்துக்கொண்டு ஓடி, மணலில் கிடந்த நாப்கின்களையும் பாட்டில்களையும் இழுத்துச் சேர்த்துக்கொண்டிருந்தான். தன்னந்தனியாக ஊர் சுற்ற வந்திருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் அன்று சீக்கிரமே எழுந்துவிட்டாள். அவனைப் பார்த்துக் கைதட்டினாள். ஒரு படம் எடுத்துக்கொண்டாள். ஒரு மாதம் கழித்து முதலாளி சிரித்துக்கொண்டே போனை நீட்டினார். பல தீவுகளை வரிசைப்படுத்தி மதிப்பெண் போட்டிருந்த ஒரு பக்கம். நடுவில் துரைக்கண்ணு வாருகோலோடு நின்றான். இந்தத் தீவு ஜனங்கள் கடற்கரையைத் தங்கள் வீட்டு வாசல்போல வைத்திருக்கிறார்கள் என்று கீழே எழுதியிருந்ததாம். சுத்தத்துக்கு ஐந்து நட்சத்திரம்.

அவன் கழிப்பறைக்குப் போய் வாந்தி எடுத்தான். ஒப்பந்தம் முடிந்த கையோடு ஊர் வந்து சேர்ந்தான். பழைய ஜீப் ஒன்றை வாங்கினான். மூன்று ஏக்கர் மேட்டு நிலத்தில் தம்பி சின்னதம்பியோடு சேர்ந்து சாமை போட்டான். தீவைப் பற்றிக் கேட்பவர்களிடம், “தண்ணி, மணலு. வேற இன்னா?” என்று பேச்சை முடித்துவிடுவான்.

இப்படி ஆறு வருடம் போயிருந்தது. போன பலாப்பழ சீசனில் சென்னையிலிருந்து அஜய், பூஜா என்ற இளம் தம்பதி அவன் ஜீப்பில் ஏறினார்கள். யூடியூபில் பயணச் சேனல் நடத்துகிறவர்கள். வண்டியில் யாரோ ‘தீவுக்காரன்’ என்று கூப்பிட்டதைக் கேட்டு அஜய் காதைத் தீட்டிக்கொண்டான். மறுநாள் காலை காமிராவோடு வீட்டுக்கே வந்துவிட்டார்கள்.

“அண்ணா, எங்க சேனல் பேக்கேஜ்ல போறவங்களுக்கு இல்ல. தானே டிக்கெட் போட்டு, தானே ரூம் தேடிப் போறவங்களுக்கு,” என்றான் அஜய். “அவங்களுக்கு அந்தமான் பெஸ்ட்டா, மாலத்தீவு பெஸ்ட்டா? ரெண்டையும் உள்ள இருந்து பார்த்தவர் நீங்க. நீங்கதான் சொல்லணும்.”

துரைக்கண்ணுவுக்குச் சொல்ல இஷ்டமில்லை. ஆனால் அவர்கள் மரியாதையாகக் கேட்டார்கள். போகிறவர்களுக்காவது உதவட்டும் என்று தோன்றியது.

“அந்தமான்ல சர்க்கார் கப்பலுக்கு டிக்கெட்டு கெடைக்கிறதே பெரும்பாடுங்க. கடலு பொங்கிச்சின்னா கப்பலு வுட மாட்டாங்க, தீவுலயே மாட்டிக்கினு கெடக்கணும். திரும்பற ஃபிளைட்டுக்கு முன்னாடி ரெண்டு நாளு சும்மா வுட்டு வச்சிக்கினு போணும். மாலத்தீவுல வெள்ளிக்கெழம சர்க்கார் படகு ஓடாது. அது தெரியாம வந்து ஜனங்க படகுத்துறையில குந்திக்கினு அழும்.”

“சூப்பர்ணா. சாப்பாடு?”

“அந்தமான்ல நம்ம ஆளுங்க கடையே கீது, இட்லி கெடைக்கும். அங்க காலையில சூர மீனு, தேங்கா, ரொட்டி.”

“பொண்ணுங்க தனியா போலாமா அண்ணா?” என்று கேட்டாள் பூஜா.

“போலாம்மா. எத்தினியோ பேரு வந்தாங்க. போனதும் ரூம் பூட்டப் பாக்கணும். அந்தமான்ல எங்க லாட்ஜுல நாலு ரூமுக்கு ஒரே சாவி.”

அப்போது திரௌபதி வாசலில் வந்து நின்று, “ஏங்க, இவங்களுக்கும் சேத்து சாமச் சோறு ஆக்கட்டுமா?” என்றாள். அவன் சிரித்துத் தலையாட்டினான்.

“கடைசியா சுத்தம்,” என்றான் அஜய். “ரெண்டுல எது க்ளீன்?”

துரைக்கண்ணுவால் ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. குழியை, புகையை, கல் வைத்துக் கட்டிய சாக்குகளை, வாருகோல் படத்தை, ஐந்து நட்சத்திரத்தை, எல்லாவற்றையும் சொன்னான். “யாரோ போட்டாங்கன்னு சொல்லலீங்க. இந்தக் கையாலதான் தள்ளுனேன். மூணு வருஷம். எத்தினி சாக்குன்னு எனக்கே தெரியாது. அதச் சொல்லுங்க உங்க வீடியோவுல. போறவங்க அவங்க அழுக்கு எங்க போவுதுன்னு ஒருதபா கேக்கட்டும்.”

சொல்லி முடித்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பூஜாவின் கண் கலங்கியிருந்தது. “ரொம்ப பவர்ஃபுல் அண்ணா,” என்றாள்.

அவர்கள் போனபிறகு திரௌபதி அடுப்படிக்குப் போனாள். பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள். “அந்தத் தண்ணியிலயேவா அந்தத் தீவுப் புள்ளைங்க குளிச்சிது?”

“ஆமா.”

“நீயும் குளிச்சியா?”

“ஆமா.”

அவள் கழுவிய பாத்திரங்களைக் கவிழ்த்து வைத்தாள். சொல்லிவிட்டதே போதும் என்று இருந்தது அவனுக்கு. பல வருடங்களுக்குப் பிறகு அன்று இரவுதான் வயிறு நிறையச் சாப்பிட்டான்.

பத்து நாள் கழித்து வீடியோ வந்தது. புதூர்நாட்டில் டவர் ஒழுங்காகக் கிடைக்கும் இடம் முனியனின் டீக்கடை. முனியன் போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைக்க, பத்துப் பேர் சூழ்ந்து நின்று பார்த்தார்கள். இட்லி வந்தது, சூரை மீன் வந்தது, வெள்ளிக்கிழமைப் படகு வந்தது. ‘படகுத்துறையில குந்திக்கினு அழும்’ என்று அவன் சொன்னதை மூன்று தடவை திருப்பிப் போட்டு, பின்னால் ஒரு சிரிப்புச் சத்தம் சேர்த்திருந்தார்கள். நாலு ரூம், ஒரே சாவி வரவில்லை. பிறகு பளபளப்பான எழுத்தில் ‘சுத்தம்: மாலத்தீவு’ என்று வந்தது. அஜயின் குரல், “தெளிவான வின்னர், இல்லையா அண்ணா?” என்று கேட்டது. திரையில் துரைக்கண்ணு சிரித்துத் தலையாட்டினான்.

சாமைச் சோற்றுக்கு ஆட்டிய தலை அது.

குழி இல்லை. சாக்கு இல்லை. கடைசியில், மாலத்தீவில் ஒரு விடுதியின் பெயரைச் சொல்லி, எங்கள் பேரைச் சொன்னால் சலுகை உண்டு என்றார்கள்.

“தீவுக்காரா, சினிமாக்காரன் ஆயிட்டியே!” என்று முனியன் முதுகில் தட்டினான். துரைக்கண்ணுவுக்கு வாயில் எச்சில் ஊறிக்கொண்டே வந்தது. டீயை அப்படியே வைத்துவிட்டு, கடைக்குப் பின்னால் போய்க் குனிந்து நின்றான். ஒன்றும் வரவில்லை. வந்திருந்தால் தேவலை.

அங்கிருந்தே அஜய்க்குப் போன் போட்டான்.

“அண்ணா, பார்த்தீங்களா? செம ரீச்!”

“நான் சொன்னத ஏன்ப்பா எடுத்துட்ட?”

“அது ரொம்ப டார்க்கா இருந்துச்சுண்ணா. லீவுக்கு எங்க போலாம்னு பார்க்க வர்றவங்க மூட் அவுட் ஆகிடுவாங்க. அதுவும் இல்லாம ஸ்பான்சர்...”

“எடுக்கிறது உன் இஷ்டம். நான் தலையாட்டாததுக்கு ஏன் ஆட்ட வச்ச?”

அஜய் பேச்சை மாற்றி, குரலை இனிப்பாக்கிக்கொண்டு, அடுத்த வாரக் கடைசியில் பன்னிரண்டு பேரோடு மலைக்கு வருகிறோம், ஊர் மடுவுக்கு மேலே கூடாரம் போடலாம் என்று இருக்கிறோம், உங்கள் ஜீப்தான் வேண்டும் என்றான். துரைக்கண்ணு போனை வைத்துவிட்டான்.

ஆனாலும் அவர்கள் வந்தார்கள். சந்திரன் என்ற வேறொரு டிரைவரிடம் பேசி முடித்திருந்தார்கள். அன்று பார்த்துச் சந்திரனின் ஜீப் படுத்துக்கொண்டது. “மாமா, வாக்குக் குடுத்துட்டேன். இந்த ஒருதபா இட்டுனு போய் வுட்டுடு,” என்று அவன் வந்து கெஞ்சினான். சந்திரன் திரௌபதியின் சித்தி மகன். தட்ட முடியவில்லை.

மடுவில் இறக்கிவிட்டபோது துரைக்கண்ணு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். “இந்த மடுத் தண்ணிதான் பைப்புல ஊருக்கு வருது. கொண்டாந்தது எல்லாத்தையும் திரும்ப எடுத்துக்கினு எறங்கணும். இங்க குப்ப வண்டி வராது.”

“கண்டிப்பா அண்ணா,” என்றாள் பூஜா. அவன் கண்ணைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அழைத்துப்போக வந்தான். நாற்றம்தான் முதலில் வந்தது. எலும்பும் எண்ணெயும் ஒட்டிய அலுமினியத் தாள்கள் பாறையெங்கும் கிடந்தன. பாட்டில்கள், உடைந்ததும் உடையாததுமாக. புதருக்குப் பின்னால் ஈரக் காகிதம் வெள்ளை வெள்ளையாக, மூடக்கூட மண் தள்ளாத மலம், மேலே மொய்க்கும் ஈ. மடுவின் ஓரத்தில் ஒரு நாப்கின் ஊதி மிதந்துகொண்டிருந்தது. இவ்வளவுக்கும் நடுவே ஒரு பாறையை மட்டும் பளிச்சென்று துடைத்து, அதன்மேல் பூஜா உட்கார்ந்து, ‘யாரும் தொடாத மலை’ என்று காமிராவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வாருகோலும் கையுமாகத் தான் நின்ற படம் துரைக்கண்ணுவின் கண்முன் வந்தது. சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

“பொறுக்குங்க. எல்லாத்தையும். அப்பறந்தான் வண்டி கெளம்பும்.”

“அண்ணா, நாங்க மதியம் ட்ரெயின் பிடிக்கணும்,” என்றான் அஜய். “யாரையாவது வச்சு க்ளீன் பண்ணிக்கோங்க, நான் கொடுத்துடறேன்.”

“யார வச்சி? என்னையா? பத்து வருஷம் உங்க பீய அள்ளிட்டேன்டா நான்!”

அவன் குரல் பாறையில் மோதித் திரும்பியது. யாரும் அசையவில்லை. ஒருவன் மட்டும் முகத்தைச் சுளித்து, “இவ்வளவு அழுக்கை யாரு கையால தொடுவாங்க?” என்றான். அதைக் கேட்டபோதுதான் துரைக்கண்ணுவுக்கு நிஜமாகவே அடிக்கக் கை எழுந்தது. அடக்கிக்கொண்டான். அஜய் டவர் கிடைக்கும் மேட்டுக்கு ஏறிப்போய்க் கீழேயிருந்து வேறொரு வண்டியை வரவழைத்தான். அது வர இரண்டு மணி நேரம் ஆனது. அதுவரை காவியா என்ற ஒரு பெண் மட்டும் துப்பட்டாவால் மூக்கைக் கட்டிக்கொண்டு அவனோடு சேர்ந்து பொறுக்கினாள்; தீவுக் குழியையும் சாக்குகளையும் பற்றி அவன் சொல்லக் கேட்டாள். வண்டி வந்ததும் கூப்பிட்டார்கள். “சாரிண்ணா,” என்று அவன் நம்பரை வாங்கிக்கொண்டு அவளும் ஏறிப் போய்விட்டாள்.

அவனிடம் ஐந்து சாக்குகள் மிஞ்சின. ஜீப்பின் பின்னால் போட்டுக்கொண்டு இறங்கினான். நாலாவது வளைவில் ஒரு பள்ளம் உண்டு. எறிந்தால் மரங்களுக்குள் போய்விடும், யாருக்கும் தெரியாது. வண்டியை நிறுத்தி ஒரு சாக்கைத் தூக்கினான். கை தானாக அதன் வாயைச் சுற்றி முறுக்கியது, கல் தேடுகிற பழக்கத்தில் கண் தரையில் ஓடியது. தன் கையைப் பார்க்கவே அவனுக்கு அருவருப்பாக இருந்தது. சாக்கை மறுபடி வண்டியில் போட்டான்.

அடிவாரத்தைத் தாண்டி ஒரு சிற்றூரில் குப்பை பிரிக்கும் கொட்டகை ஒன்று இருந்தது. வெள்ளையம்மாள் என்ற ஐம்பது வயதுக்காரி அங்கே வேலை செய்துகொண்டிருந்தாள். சாக்கைப் பிரித்துப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“மலையிலர்ந்தா கொண்டாந்த? கர்மம், எல்லாம் ஒண்ணா கலந்து கீதே. பிரிச்சிக் குடு, எடுத்துக்கிறேன்.”

அவளோடு உட்கார்ந்து வெறுங்கையால் பிரித்தான். பாட்டில் ஒரு பக்கம், தாள் ஒரு பக்கம். நாப்கின்களை அவள் குச்சியால் தள்ளி வைத்தாள்.

“இது எங்கக்கா போவும்?”

“பாட்டிலு யாவாரிக்குப் போவும். இதுங்கள யாரு வாங்கறான்? அதோ அந்த மேட்டுல கொட்றதுதான்.”

அவள் காட்டிய மேட்டில் நாய்களும் காக்கைகளும் கிளறிக்கொண்டிருந்தன. துரைக்கண்ணு கடலில் தள்ளிய சாக்குகளைப் பற்றி அவளிடம் சொன்னான். ஏன் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை. அவள் வேலையை நிறுத்தாமல் கேட்டாள்.

“நீ கடல்ல போட்ட, நான் மேட்டுல போடறேன்,” என்றாள். “நாம ரெண்டு பேரும் அள்ளாம வுட்டிருந்தா தின்னவன் மூக்குக்குக் கீழயே நாறியிருக்கும். அள்ளி அள்ளி அவனுங்களுக்குத் தெரியாமலே பண்ணிட்டோம். போ, கைய நல்லா கழுவிக்கினு போ.”

அடுத்த வாரம் திரௌபதி ஊர்ப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய் மடுவுக்குப் போகும் தடத்தில் முள் வெட்டிப் போட்டாள். இனி மேலே கூடாரம் கிடையாது என்று ஊர்க்கூட்டத்தில் முடிவாயிற்று. சவாரி போன கோபத்தில் சந்திரன் இன்றுவரை அவர்கள் வீட்டுப்பக்கம் வருவதில்லை. வீடியோவின் கீழே துரைக்கண்ணு மகளை விட்டு நாலு வரி எழுத வைத்தான். மறுநாளே அது காணாமல் போயிற்று. அவன் தலையாட்டுவதை இதுவரை மூன்று லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள்.

இந்தக் கார்த்திகையில் அவனுக்கு ஒரு போன் வந்தது. காவியா. தனியாக அந்தமான் வந்திருப்பதாகச் சொன்னாள்.

“ரூம் போட்டதும் சமையல்கட்டுக்குப் பின்னால போய்ப் பார்த்தேண்ணா. குழி இருந்துச்சு, எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. உடனே வேற லாட்ஜ் மாறிட்டேன்.”

“அங்க எப்பிடி?”

“அங்கயும் குழிதான்.” அவள் குரல் தேய்ந்தது. “தண்ணி அவ்வளவு அழகா இருக்குண்ணா. ஆனா இறங்கவே மனசு வரல. நான் இப்ப என்ன பண்றது?”

துரைக்கண்ணு முனியனின் டீக்கடை முன்னால் ஜீப்பில் சாமை மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தான். கையிலிருந்த மூட்டையை இறக்கி வைத்தான்.

“உன்னோடத ஒரு பையில கட்டி வச்சிக்கோ. வரும்போது கூடவே எடுத்துக்கினு வா.”

“எடுத்துட்டு வந்து?”

“வெள்ளையம்மான்னு ஒரு அக்கா கீது,” என்றவன் பாதியில் நிறுத்திக்கொண்டான். அந்த மேடு ஞாபகம் வந்தது. “எடுத்துக்கினு வாம்மா. வந்தப்பறம் பாத்துக்கலாம்.”